மாவு விளம்பரத்தில் ஒரு முகம்

1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கோடக் கேமராவில் குறிபார்க்கும் கண்ணாடி கிடையாது. மேல்புறத்தில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி இரண்டு கோடுகள். அதை வைத்துக் குத்துமதிப்பாகத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். கயிற்றை இழு, சாவியைத் திருப்பு, பொத்தானை அழுத்து. வேலை முடிந்தது. உள்ளே 100 படங்களுக்கான சுருள் ஏற்றியே வரும். அது தீர்ந்ததும் கேமராவை அப்படியே ராச்செஸ்டர் நகரத்தில் இருந்த கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலர் கட்டினால் வட்ட வட்டமான படங்களும், புதுச் சுருள் போட்ட கேமராவும் திரும்பி வரும். கேமராவின் விலை 25 டாலர். அன்றைக்கு அது சின்னக் காசு இல்லை.

நீங்கள் பொத்தானை அழுத்துங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இதுதான் கம்பெனியின் விளம்பர வரி. கையில் போன் வைத்திருக்கிற எல்லோரும் இன்றைக்கு வரை இந்த வரிக்குள்தான் வாழ்கிறோம். அந்த 'மிச்சம்' எங்கே, யார் கையில், எப்படி நடக்கிறது என்பதை அன்றும் யாரும் கேட்கவில்லை.

கோடக்குக்கு முன்னால் படம் எடுப்பது எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டுடியோவுக்கு நீங்களாகப் போகணும். நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு, காசு கொடுத்து, அசையாமல் உட்காரணும். ஆரம்ப காலத்தில் தலை ஆடாமல் இருக்க பின்னால் இரும்பு முட்டுக்கட்டையே வைத்திருந்தார்கள். கொஞ்சம் அசைந்தாலும் முகம் கலங்கிவிடும். அதாவது, எடுக்கப்படுகிறவர் ஒத்துழைக்காமல் ஒரு முகத்தைப் பிடிக்கவே முடியாது. அசையாமல் உட்கார்ந்திருப்பதே சம்மதம். தனியாக யாரும் கையெழுத்து கேட்க வேண்டியிருக்கவில்லை.

வேகமான கேமராக்கள் வந்ததும் அந்தச் சம்மதம் சத்தமில்லாமல் காணாமல் போனது. 1886-லேயே கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, பொத்தான் துளை வழியாக லென்ஸை நீட்டி எடுக்கிற கேமரா அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. 'டிடெக்டிவ் கேமரா' என்றே ஒரு வகைக்குப் பெயர். கோடக் வந்த பிறகு கடற்கரையிலும் பூங்காவிலும் தெரியாதவர்களைச் சுட்டுக்கொண்டு திரிகிறவர்களைப் பத்திரிகைகள் 'கோடக் பேய்கள்' என்று திட்ட ஆரம்பித்தன. 1900-ல் 1 டாலருக்குப் பிரௌனி கேமரா வந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில்கூட கேமரா.

ஆனால் ஒன்று. இந்தக் கதையைச் சொல்லும்போது கோடக்கை வில்லனாக்குவது ரொம்பச் சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் குழந்தை சிரிப்பதைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளும் வசதி சாதாரணக் குடும்பங்களுக்குக் கிடைத்ததும் அதே பெட்டியால்தான். கஷ்டம் என்னன்னா, அந்த வசதியும் இந்தத் தொல்லையும் ஒரே பொத்தானில் இருந்தன.

1890-ல் நியூயார்க்கில் ஒரு வழக்கு. மேரியன் மனோலா என்ற மேடைப் பாடகி. பிராட்வே தியேட்டரில் நடந்த ஓர் இசை நாடகத்தில் காலோடு ஒட்டிய 'டைட்ஸ்' உடையில் அவர் நடிக்க வேண்டியிருந்தது. அந்த உடையில் படம் எடுத்துக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்துப் பால்கனி இருக்கையிலிருந்து ஃப்ளாஷ் அடித்து எடுத்துவிட்டார்கள். அவர் நீதிமன்றம் போனார். எதிர்த்து வாதாட யாரும் வராததால் படத்தைப் பயன்படுத்தத் தடை கிடைத்தது.

தினமும் நூற்றுக்கணக்கான பேர் முன்னால் அதே உடையில் நிற்கிற பெண்ணுக்கு ஒரு போட்டோவில் என்ன பிரச்சனை? இந்தக் கேள்வி இன்றைக்கும் கமெண்ட் பகுதிகளில் வேறு உடை போட்டுக்கொண்டு வருகிறது: "நீதானே போஸ்ட் பண்ணே?" மனோலாவின் நிலைப்பாட்டை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். டிக்கெட் வாங்கி வந்தவர் ஒரு பாட்டு கேட்கிறார், பார்க்கிறார், எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார். படமோ எழுந்து போகாது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால், தெரியாத ஒருவரின் சட்டைப்பையில், நாடகமே இல்லாத இடத்தில் போய் நிற்கும். சிலருக்கு முன்னால் நிற்க ஒப்புக்கொள்வதும் எல்லோருக்கும் எப்போதைக்குமாகக் கிடைக்க ஒப்புக்கொள்வதும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தைச் சொல்ல அன்றைய சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை.

வார்த்தை அந்த ஆண்டு முடிவதற்குள் வந்தது. 1890 டிசம்பர் 15 தேதியிட்ட ஹார்வர்ட் லா ரிவ்யூ இதழில், பாஸ்டன் வக்கீல்களான சாமுவேல் வாரனும் லூயி பிராண்டைஸும் 'அந்தரங்க உரிமை' பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மனோலா வழக்கை அதில் குறிப்பிடுகிறார்கள். (மகளின் கல்யாணத்தைப் பத்திரிகைகள் கிசுகிசுவாக்கிய கோபத்தில்தான் வாரன் இதை எழுதினார் என்று சட்டக் கல்லூரிகளில் ஒரு கதை ஓடும். வாரனுக்குக் கல்யாணம் ஆனதே 1883-ல்தான். கட்டுரை வந்தபோது அந்த மகளுக்கு 7 வயதுகூட ஆகியிருக்காது.)

அவர்கள் வாதத்தின் முடிச்சு எளிமையானது. 1888-ல் இங்கிலாந்தில் ஒரு பெண்ணின் ஸ்டுடியோ படத்தை அந்த ஸ்டுடியோக்காரரே கிறிஸ்துமஸ் அட்டையாக்கி விற்கப் பார்த்தார். நீதிமன்றம் தடுத்தது. எப்படித் தடுத்தது? காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னபோதே, வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டேன் என்ற சொல்லாத ஒப்பந்தம் இருக்கிறது என்று. சரி, உட்காரவே சொல்லாமல், தெருவில் போகிறவரை எடுத்தால்? அங்கே ஒப்பந்தம் ஏது? எனவே முகம் என்பதை ஒப்பந்தத்தில் தொங்கவிடாமல், ஒரு மனிதரின் ஆளுமையோடு சேர்ந்த உரிமையாகவே சட்டம் பார்க்க வேண்டும் என்றார்கள். 'என்னைத் தனியாக விடு' என்று சொல்லும் உரிமை. அந்தச் சொற்றொடர் தாமஸ் கூலி என்ற நீதிபதியுடையது, இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு பேரும் பாஸ்டனின் வசதியான ஆட்கள். கட்டுரையில் பத்திரிகைகள் மேல் இருக்கும் எரிச்சலில் கொஞ்சம் மேட்டுக்குடி வாடை அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த உரிமையைப் பெரிய நீதிமன்றத்தில் பரீட்சைக்குக் கொண்டுவந்தவர்களில் மாவு விளம்பரத்தில் மாட்டிக்கொண்ட ஓர் இளம்பெண்ணும் உண்டு.

அபிகெயில் ராபர்சன். இன்னும் மைனர் என்பதால் கார்டியன் வைத்து வழக்குப் போட வேண்டியிருந்தது. ஃபிராங்க்ளின் மில்ஸ் என்ற மாவுக் கம்பெனி அவருடைய பக்கவாட்டு முகப் படத்தை, அவருக்கே தெரியாமல், 25,000 பிரதிகள் அச்சடித்துவிட்டது. மேலே 'குடும்பத்தின் மாவு' என்ற வரி. ஆங்கிலத்தில் மாவுக்கும் பூவுக்கும் ஒரே உச்சரிப்பு என்பதால் அவர்களுக்கு இது ஒரு சிலேடை. நாலு பேருக்குச் சிரிப்பு வந்திருக்கும். அச்சடித்த பெட்டிக் கம்பெனி இருந்தது ராச்செஸ்டரில், ஆமாம், கோடக்கின் அதே ஊரில். போஸ்டர்கள் கடைகளிலும் கிடங்குகளிலும் மதுக்கடைகளிலும் தொங்கின. தெரிந்தவர்கள் அடையாளம் கண்டு கேலி செய்தார்கள், அவமானத்தில் படுத்த படுக்கையாகி டாக்டரைக் கூப்பிட வேண்டியதாயிற்று என்று மனுவில் இருக்கிறது. கேட்ட நஷ்டஈடு 15,000 டாலர். கூடவே, போஸ்டரை நிறுத்தச் சொல்லி ஒரு தடை.

கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. 1902-ல் மாகாணத்தின் உச்சபட்ச நீதிமன்றத்தில் 4-க்கு 3 என்ற கணக்கில் தோற்றார். தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஆல்டன் பார்க்கர். அந்தரங்க உரிமை என்று ஒன்றுக்குச் சட்டத்தில் முன்மாதிரி இல்லை, இதை ஏற்றுக்கொண்டால் வழக்குகள் குவியும், கோடு எங்கே போடுவது? படம் நன்றாகத்தானே இருக்கிறது, சிலர் இதைப் பாராட்டாகக்கூட எடுத்துக்கொள்வார்களே என்கிற தொனியும் தீர்ப்பில் இருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். படம் அழகாக இருக்கிறதா என்பதா கேள்வி?

தீர்ப்புக்கு எதிராகப் பத்திரிகைகள் கொதித்தன. 1903-ல் நியூயார்க் சட்டமன்றமே ஒரு சட்டம் போட்டது: உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரையோ படத்தையோ அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தினால் குற்றம். 1905-ல் ஜார்ஜியா மாகாணத்து உச்ச நீதிமன்றம், ஒரு இன்சூரன்ஸ் விளம்பரத்தில் அனுமதியில்லாமல் வந்த படத்தை வைத்து, அந்தரங்க உரிமை இருக்கிறது என்றே சொல்லிவிட்டது.

பார்க்கரின் கதைக்கு ஒரு வால் உண்டு. 1904-ல் அவர் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர். போகுமிடமெல்லாம் கேமராக்காரர்கள் துரத்த, தான் இஷ்டப்படி உட்காரவும் பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு நிற்கவும் தனக்கு உரிமை உண்டு என்று அலுத்துக்கொண்டார். உடனே ராபர்சனிடமிருந்து பத்திரிகையில் ஒரு கடிதம். அப்படி ஓர் உரிமை உங்களுக்கு இல்லை ஐயா, நீங்களே எழுதிய தீர்ப்பை எடுத்துப் பாருங்கள் என்ற பொருளில். நவம்பரில் பார்க்கர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் தோற்றுப்போனார். அதற்குக் காரணம் இந்தக் கடிதம் இல்லைதான், ஆனாலும் ஒரு திருப்தி.

இந்தக் கடிதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1903 சட்டத்தின் 'எழுத்துபூர்வமான சம்மதம்' என்ற இரண்டு வார்த்தைகள். அசையாமல் உட்கார்வதில் இருந்த சம்மதத்தைக் கேமரா பறித்துக்கொண்டது. சட்டம் அதைக் காகிதத்தில் திருப்பிக் கொடுத்தது. அன்றைக்கு இது வெற்றி. நூறு வருஷம் கழித்து அந்தக் காகிதம் 'ஐ அக்ரீ' என்ற ஒரு பொத்தானாகச் சுருங்கும் என்று யார் கண்டது?

இந்தியாவில் இந்த உரிமையின் கதை செங்கல்பட்டு கிளைச் சிறை வழியாகப் போகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் தொடராக வெளியிடப் போவதாக 1994-ல் அறிவித்தது. அதிகாரிகளுக்கும் அவருக்கும் இருந்த தொடர்புகள் அதில் வரும் என்று பேச்சு. சிறைத்துறை, அது போலி, வெளியிட்டால் நடவடிக்கை என்று கடிதம் அனுப்பியது. நக்கீரன் கோபால் உச்ச நீதிமன்றம் போனார்.

அந்த ஆண்டு அக்டோபரில் வந்த தீர்ப்பில் நீதிபதி ஜீவன் ரெட்டி, 'தனியாக விடு' உரிமை அரசியலமைப்பின் 21-வது பிரிவுக்குள்ளேயே இருக்கிறது என்றார். ஒருவருடைய பெயரையோ தோற்றத்தையோ சம்மதமில்லாமல் விளம்பரத்துக்கோ வேறெதற்கோ பயன்படுத்துவதும் மீறல்தான் என்று உதாரணம் காட்டினார். ராபர்சன் 1902-ல் கேட்டது இதைத்தான். அதே தீர்ப்பு, பொது ஆவணங்களில் இருக்கும் அளவுக்கு சங்கரின் வாழ்க்கையை அவர் அனுமதி இல்லாமலேயே வெளியிடலாம், அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்றும் சொன்னது. அந்தரங்கம் என்ற கேடயத்துக்குப் பின்னால் அதிகாரிகள் ஒளிந்துகொள்ளப் பார்ப்பார்கள் என்பதை நாம் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டோம்.

2015-ல் தன் பெயரையும் பாணியையும் வைத்து எடுத்த ஓர் இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் தடை வாங்கினார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த அந்த வழக்கின் தீர்ப்பில் வாரனும் பிராண்டைஸும் நீளமாகவே வருகிறார்கள்.

இதற்குள் முகம் என்பதன் பொருளே மாறிவிட்டது. ராபர்சனின் முகத்தை எடுத்தவர்கள் அதை முகமாகவே பயன்படுத்தினார்கள். போஸ்டரில் பார்த்தால் அவர்தான் என்று தெரியும், கிழித்துப் போடலாம், வழக்குப் போடலாம். 2020 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தியில் கிளியர்வியூ ஏஐ என்ற கம்பெனி ஃபேஸ்புக், யூடியூப் போன்ற தளங்களிலிருந்து 300 கோடிக்கும் மேற்பட்ட படங்களை உருவி, போலீசுக்கு முகம் தேடும் கருவியாக விற்பது தெரியவந்தது. அங்கே முகம் என்பது எண்களின் வரிசை. உங்கள் படம் அதில் இருக்கிறதா என்று சுவரில் தேடிப் பார்க்க முடியாது. தெரியாத ஒன்றுக்கு எதிராக எந்த ராபர்சன் வழக்குப் போடுவார்?

2025 மார்ச்சில் ஊரே ஜிப்லி பொம்மையானது. செப்டம்பரில் ஜெமினியில் பழைய சினிமா புடவைப் படங்கள். நம் டைம்லைனில் அத்தைகள், சித்திகள் உட்பட யாரும் பாக்கியில்லை. அதில் குஷியாக இருந்தவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனசில்லை, படங்கள் அழகாகத்தான் இருந்தன. பொத்தானை அழுத்தினோம், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வாரங்களில் பதிவேற்றப்பட்டவை வெறும் செல்ஃபிகள் இல்லை. தோழியின் முகம், பேச்சு நின்றுபோன காதலியின் முகம், செத்துப்போன தாத்தாவின் முகம். 'ஐ அக்ரீ' அழுத்தியவர் ஒருவர், முகம் இன்னொருவருடையது. 1903-ல் சம்மதம் தர வேண்டியவர் முகத்துக்குச் சொந்தக்காரர். இங்கே போன் யார் கையில் இருக்கிறதோ அவர். ஒரு பெண்ணின் இன்ஸ்டா படத்தை எடுத்து நிர்வாணமாக்கித் தருகிற செயலிகளும் இதே ஓட்டையில்தான் பிழைக்கின்றன. ரஜினிகாந்துக்கு வக்கீல் இருக்கிறார். தாம்பரத்தில் பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண்ணுக்கு இருப்பது காலேஜ் வாட்ஸப் குரூப்பில் அந்தப் படம் சுற்ற ஆரம்பித்த பிறகான ஓர் இரவு.

நம்மிடம் இப்போது தனிச் சட்டமே இருக்கிறது, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. தரவை எடுப்பதற்கு முன் சம்மதம் வாங்கணும், எதற்கு என்று சொல்லணும், திரும்பப் பெறவும் வழி இருக்கணும் என்றெல்லாம் அதில் உண்டு. அதன் 3-வது பிரிவில் ஒரு விலக்கு. ஒருவர் தானாகவே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. புரிய வைக்க ஓர் உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள்: ஒரு பெண் தன் கருத்துகளை எழுதும்போது தன்னைப் பற்றிய விவரங்களைச் சமூக ஊடகத்தில் பொதுவில் வைக்கிறார், ஆகவே சட்டம் பொருந்தாது.

டிக்கெட் வாங்கியவர்கள் முன்னால் நின்ற மனோலாவுக்கு 1890-ல் கிடைத்த தடை, இந்தப் பெண்ணுக்கு இந்தச் சட்டத்தில் கிடைக்காது. அவர் மேடையில் ஏறிவிட்டார்.