திரையில் தோன்றும் படைப்பாளி: மாயா டெரன் குறும்படங்களும் ஆக்க உரிமைச் சிக்கலும்

அமெரிக்கத் தனிமுயற்சித் திரைப்பட வரலாற்றில் மாயா டெரனின் (1917-1961) இடம் இன்று உறுதிப்பட்டுள்ளது. எனினும் அவரது முதற்படம் யாருடையது என்னும் வினா முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. தம் படத்தில் தாமே நடித்ததே இவ்வினாவுக்கு ஓரளவு இடமளித்தது. திரையில் காணப்படும் பெண்ணை நடிகை எனவும், கேமராவுக்குப் பின் நிற்கும் ஆணைப் படைப்பாளி எனவும் கொள்ளும் பழக்கம் வலுவானது.

கீவ் நகரில் பிறந்த டெரன் 1922இல் குடும்பத்துடன் அமெரிக்கா சென்றார். இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றபின், கேத்தரின் டன்ஹாமின் நடனக் குழுவில் செயலாளராகப் பணியாற்றினார். செக் நாட்டுத் திரைக்கலைஞரான அலெக்சாண்டர் ஹாமிட்டை மணந்து, 1943இல் அவருடன் இணைந்து 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' படத்தை 16 மி.மீ. சுருளில் உருவாக்கினார். ஹாலிவுட்டில் இருந்த அவர்களது வீடே படப்பிடிப்புக் களம், நடிகர்களும் அவ்விருவரே. கூலிக்கு நடிகரை அமர்த்த வழியில்லாத நிலையில் நடிப்பு ஒரு சிக்கன ஏற்பாடாகவும் இருந்தது.

இப்படம் பெரிதும் ஹாமிட்டின் ஆக்கமே எனப் பின்னாளில் ஸ்டான் பிராக்கேஜ் கருதினார். அக்கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஹாமிட் 1930இலேயே இயக்கிய 'நோக்கமற்ற நடை' படத்தில் ஒரே மனிதன் இருவராகப் பிரிகிறான். 'மெஷஸ்' படத்தில் டெரனின் உருவம் பலவாகப் பெருகுவதற்கு அது முன்னோடி எனலாம். ஆயின் உருவப் பெருக்கம் ஒன்றே இப்படத்தின் உத்தி அன்று. கத்தியேந்திய பெண் உறங்குபவளை நோக்கி நடக்கையில் மணல், புல், நடைபாதை, விரிப்பு என அடிதோறும் தரை மாறுகிறது. நடை மட்டும் அறுபடுவதில்லை. தம் அடுத்த முயற்சிகளுக்கு வழிதிறந்த பகுதியாக டெரன் கருதியது இதனையே.

பின்வந்த படங்கள் இதற்குச் சான்றாகின்றன. 'அட் லேண்ட்' (1944) படத்தில் கடற்கரையில் ஒதுங்கிய பெண் மரக்கட்டையின்மீது ஏறுகிறாள். ஏறி முடிக்கையில் விருந்து மேசையின் விளிம்பில் இருக்கிறாள். மேசைமீது ஊர்ந்து செல்லும் அவளை விருந்தினர் எவரும் பொருட்படுத்துவதில்லை. இங்கும் நடிப்பவர் டெரனே. 1945இல் எடுத்த சில நிமிட நடனப்படத்திலோ அவர் திரையில் இல்லை. டாலி பீட்டி காட்டில் தூக்கும் கால் வீட்டினுள் ஊன்றுகிறது. உடல் மாறிய பின்னும் உத்தி மாறவில்லை. ஆகவே உத்தியின் மூலத்தைப் படத்தொகுப்பு பற்றிய டெரனின் சிந்தனையில் காண்பதே பொருத்தம்.

'ரிச்சுவல் இன் டிரான்ஸ்ஃபிகர்டு டைம்' (1946) இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்டது. இதில் டெரனும் ரீட்டா கிறிஸ்டியானியும் ஒரே பாத்திரத்தைப் பகிர்கின்றனர். தனி ஆளுமை சடங்கினுள் கரைகிறது. 1948இல் வெளியான 'மெடிட்டேஷன் ஆன் வயலன்ஸ்' படத்தில் சீனத் தற்காப்புக் கலைஞர் ஒருவரின் அசைவுகளே பொருளாகின்றன. டெரன் திரையிலிருந்து விலகிவிட்டார்.

தம் படங்களைக் காட்டும் பொறுப்பையும் அவரே ஏற்றார். 1946 பிப்ரவரியில் நியூயார்க்கின் பிராவின்ஸ்டவுன் நாடக அரங்கை வாடகைக்கு எடுத்து மூன்று படங்களைத் திரையிட்டார். அங்கு வந்திருந்த ஏமஸ் வோகல், அந்நிகழ்வின் தூண்டுதலால் 1947இல் 'சினிமா 16' என்னும் திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். 1946இலேயே டெரனுக்குக் குகன்ஹைம் நல்கையும் கிடைத்தது. அதன் துணையுடன் 1947இல் அவர் ஹெய்ட்டிக்குச் சென்றார். அங்கு எடுத்த படச்சுருள்களை அவர் தொகுத்து முடிக்கவில்லை. களஆய்வு 1953இல் நூலாகவே வெளிவந்தது.