சைரஸ்: கடைசி இரண்டு எழுத்து யாருடையது?

பெஸ்ட் பஸ்ஸில் ஏறாத மும்பைத் தமிழர் இருக்க முடியாது. தாராவியோ, மாட்டுங்காவோ, செம்பூரோ, எங்கள் அணுசக்தி நகரோ, எங்கே குடியிருந்தாலும் ஒருநாளாவது அந்தச் சிவப்பு வண்டியில் தொங்கியிருப்போம். ஆனால் பி.இ.எஸ்.டி. என்ற அந்த நாலு எழுத்துக்கு விரிவு என்ன என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள் :-)

1905-ல் அது 'பாம்பே எலெக்ட்ரிக் சப்ளை அண்ட் டிராம்வேஸ் கம்பெனி'. ஊருக்கு மின்சாரமும் டிராமும் கொடுத்த கம்பெனி. 1947-ல் மாநகராட்சி கைக்குப் போனதும் டிராம்வேஸ் 'டிரான்ஸ்போர்ட்' ஆனது. 1964 மார்ச் 31-ஆம் தேதியோடு டிராமே நின்றுபோனது. 1995-ல் பாம்பே போய் 'பிருஹன்மும்பை' வந்தது. உள்ளே ஊர்ப் பெயரும் மாறிவிட்டது, வண்டியும் மாறிவிட்டது. வெளியே ஒரு எழுத்தைக்கூட அழித்து எழுத வேண்டியிருக்கவில்லை!

முதலெழுத்துச் சுருக்கத்தில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. எழுத்து நிற்கும், அர்த்தம் நகரும். பஸ் கம்பெனிக்கு இது சாதாரண விஷயம். நாடுகளுக்கு நடுவே வந்தால் அவ்வளவு சாதாரணமில்லை. அதற்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம், பக்கத்தில் டிராம்பேயிலேயே இருக்கிறது.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். நீளமான இங்கிலீஷ் சொற்றொடரை முதலெழுத்துகளாக்கி, அதையே ஒரு பெயர் மாதிரி வாயால் சொல்லும் பழக்கம் பெரிய அளவில் பரவியது இரண்டாம் உலகப் போர் சமயத்தில்தான். 'ரேடியோ டிடெக்‌ஷன் அண்ட் ரேஞ்சிங்' என்பதைச் சுருக்கி அமெரிக்கக் கடற்படை 1940-ல் ரேடார் என்றது. இன்று ரேடாரைச் சுருக்கம் என்று யாரும் நினைப்பதில்லை. நம்மூர் டாஸ்மாக் மாதிரி. 1983-ல் 'தமிழ்நாடு ஸ்டேட் மார்க்கெட்டிங் கார்ப்பரேஷன்' என்று ஆரம்பித்தார்கள். அந்த நீளப் பெயரில் எந்தச் சொல்லிலும் சாராய வாடை கிடையாது. சுருக்கத்தில்தான் அடிக்கிறது!

சரி, டிராம்பேக்கு வருவோம்.

இங்கே முதல் அணு உலை அப்ஸரா. 1956 ஆகஸ்ட் 4-ஆம் தேதி அதில் தொடர்வினை தொடங்கியது. அது சுருக்கப் பெயர் இல்லை. தண்ணீருக்குள் தெரிந்த நீல ஒளியைப் பார்த்து நேரு வைத்த பெயர் என்பார்கள். எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது, உலை நம்மவர்கள் கட்டியது. பெயரில் பிரிட்டனுக்கு இடம் தரவில்லை.

இரண்டாவது உலைதான் வில்லங்கம். கொழும்புத் திட்ட உதவியின் கீழ் கனடா கொடுத்தது. 1956-ல் ஒப்பந்தம், 1960 ஜூலை 10-ல் இயக்கம், 40 மெகாவாட். முதலில் அதன் பெயர் சி.ஐ.ஆர்., அதாவது 'கனடா இந்தியா ரியாக்டர்'. உலைக்குத் தேவையான கனநீர், சுமார் 21 டன், அமெரிக்கா தந்தது. பெயரின் வாலில் யு, எஸ் என்று இரண்டு எழுத்து சேர்ந்து சைரஸ் ஆயிற்று. யு.எஸ். என்றால் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் எழுதும். நம்மூர் அதிகாரபூர்வ விரிவோ 'கனடா இந்தியா ரியாக்டர் யுடிலிட்டி சர்வீசஸ்'. பயன்பாட்டுச் சேவைகள்! அணு ஆராய்ச்சி உலைக்கு யாராவது இயல்பாக அப்படிப் பெயர் வைப்பார்களா, நீங்களே சொல்லுங்கள். எழுத்து முதலில் வந்து, அதற்கு ஏற்ற வார்த்தையைப் பிறகு தேடிப்பிடித்த மாதிரிதான் எனக்குப் படுகிறது.

அடுத்து வந்தது ஜெர்லினா, 1961 ஜனவரி. 'ஜீரோ எனர்ஜி ரியாக்டர் ஃபார் லாட்டிஸ் இன்வெஸ்டிகேஷன்ஸ் அண்ட் நியூ அசெம்ப்ளீஸ்'. எரிபொருள் கோல்களை எந்த வரிசையில் அடுக்கினால் என்ன ஆகும் என்று பார்க்கும் சோதனை உலை. அதன் சக்தி 100 வாட், வீட்டு குண்டு பல்பு அளவு. அதனால்தான் 'ஜீரோ எனர்ஜி'. மோட்சார்ட்டின் ஒரு இசை நாடகத்தில் வரும் கிராமத்துப் பெண்ணின் பெயரும் ஜெர்லினா. பாபாவுக்கு மேற்கத்திய இசைப் பைத்தியம் உண்டு என்பது ஊரறிந்தது. இது தற்செயலாக அமைந்த பெயர் என்று நான் நம்பத் தயாரில்லை :-)

பிறகு பூர்ணிமா. முழு நிலவு, அழகான பெயர். 'புளூட்டோனியம் ரியாக்டர் ஃபார் நியூட்ரானிக் இன்வெஸ்டிகேஷன்ஸ் இன் மல்டிப்ளையிங் அசெம்ப்ளீஸ்' என்று விரியும். அந்த முதல் 'பி'யைக் கவனியுங்கள். சைரஸில் எரிந்து முடிந்த யுரேனியத்திலிருந்து டிராம்பே ஆலையில் பிரித்தெடுத்த புளூட்டோனியம் அது. வெறும் ஒரு வாட் சக்தி கொண்ட உலை. ஆனால் புளூட்டோனியத்தில் வேக நியூட்ரான்கள் எப்படிப் பெருகும் என்பதை அதில் நேரடியாகப் பார்க்கலாம். குண்டு செய்கிறவர்களுக்கு வேண்டியதும் அதே கணக்குதான். பூர்ணிமா இயங்கத் தொடங்கிய நாள் 1972 மே 18. பொக்ரானில் வெடித்தது 1974 மே 18. சரியாக இரண்டு வருடம்!

பொக்ரானில் வெடித்ததும் சைரஸ் புளூட்டோனியம்தான். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இந்தியா கொடுத்த வாக்கு 'அமைதிப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்பது. 1956-ல் சர்வதேச அணுசக்தி முகமையே பிறக்கவில்லை. அது 1957-ல்தான் வந்தது. வந்து எட்டிப்பார்க்க ஆள் இல்லை, இருந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தை. வெடித்தபின் நாம் சொன்ன பதில் பி.என்.இ., 'பீஸ்ஃபுல் நியூக்ளியர் எக்ஸ்ப்ளோஷன்', அமைதிக்கான அணுவெடிப்பு. இதை நாம் கண்டுபிடித்ததாக நினைத்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. உண்மையில் மலையைக் குடையவும் துறைமுகம் தோண்டவும் அணுவெடி வைக்கலாம் என்று 1950-களிலேயே ஒரு திட்டம் போட்டு, நெவாடா பாலைவனத்தில் 1962-ல் பெரும் பள்ளமே பறித்துக் காட்டியது அமெரிக்கா.

கனடா ஏமாந்தது என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. 1971-லேயே பிரதமர் ட்ரூடோ (இப்போதைய தலைமுறைக்குத் தெரிந்த ஜஸ்டின் ட்ரூடோவின் அப்பா) இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதி, எங்கள் உதவியை வெடிக்கப் பயன்படுத்தினால் உறவை மறுபரிசீலனை செய்வோம் என்றார். 'அமைதி'க்கு என்ன அர்த்தம் என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். தெரிந்தே உலை ஓடிக்கொண்டிருந்தது. பொக்ரான் குழுவின் முக்கியப் புள்ளியான ராஜா ராமண்ணாவே 1997-ல் அது குண்டுதான் என்று சொல்லிவிட்டார். பி.என்.இ.யின் 'பி' 23 வருடம்தான் தாக்குப்பிடித்தது.

கனடா உடனே உதவியை நிறுத்தியது. ராஜஸ்தானில் பாதியில் நின்ற இரண்டாவது மின் உலையை நம்மவர்களே முடித்து 1981-ல் ஓட்டினார்கள். இங்கேயும் ஒரு பெயர்க் கதை. அந்த வகை உலைக்குக் கனடா வைத்த பெயர் கேண்டு, 'கனடா டியூட்டிரியம் யுரேனியம்'. நம் நாட்டில் அதே வழியில் வந்த உலைகளுக்கு பி.எச்.டபிள்யூ.ஆர்., 'பிரஷரைஸ்ட் ஹெவி வாட்டர் ரியாக்டர்' என்றுதான் பெயர். அழுத்தம் இருக்கிறது, கனநீர் இருக்கிறது, கனடா இல்லை. கல்பாக்கத்தில் 1984-ல் வணிகரீதியாக மின்சாரம் தரத் தொடங்கிய மேப்ஸ் அந்த வகைதான். 'மெட்ராஸ் அட்டாமிக் பவர் ஸ்டேஷன்'. 1996-ல் ஊர் சென்னையானது. மேப்ஸ் அசையவில்லை. பெஸ்ட்டுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அதற்கு இல்லை பாருங்கள், 'எம்' என்ற எழுத்தில் சென்னையை எப்படி நுழைப்பது?

சைரஸ் என்ன ஆயிற்று? கனடா போன பிறகும் பெயரிலிருந்து 'சி'யை யாரும் எடுக்கவில்லை. உலை ஓடிக்கொண்டே இருந்தது. 1997-ல் நிறுத்தி, வயதான உறுப்புகளை மாற்றி, சில வருடம் செலவழித்துப் புதுப்பித்து மறுபடி ஓட்டினார்கள். 2005 ஜூலையில் மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் அணுசக்தி உடன்பாட்டை அறிவித்தார்கள். சிவில் உலை எது, ராணுவ உலை எது என்று பிரித்து 2006-ல் பட்டியல் போட்டபோது சைரஸ் எந்தப் பக்கம் என்ற கேள்வி வந்தது. சிவில் என்றால் பழைய கணக்கைத் திறக்க வேண்டும். ராணுவம் என்றால் 1956 வாக்கை மீறியதை எழுத்தில் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். இரண்டிலும் சேர்க்காமல், 2010-ல் மூடிவிடுகிறோம் என்றது இந்தியா.

புதுப்பித்து பத்து வருடம்கூட ஆகாத உலை. 2010 டிசம்பர் 31-ஆம் தேதி நிரந்தரமாக நிறுத்தினார்கள். கனநீர் கொடுத்துப் பெயரின் வாலில் ஏறிய அதே அமெரிக்காவோடு போட்ட உடன்பாட்டின்படிதான் அது நின்றது. எங்கள் அதிகாரபூர்வப் புத்தகங்களில் மட்டும் யு.எஸ். இன்னமும் யுடிலிட்டி சர்வீசஸ்தான்.