ஊவா மலையும் ஒரு கேள்வியும்

அல்ப்ஸ் மலைநாட்டு மக்கள் பனிச்சரிவுக்கு அஞ்சுவர். அங்குப் பெய்யும் பனி ஒரே பாளமாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் தனித்தனிப் படையாகப் படிகிறது. அடியில் வலுவற்ற படை ஒன்று இருந்துவிடின், மேலுள்ள பாரம் முழுவதும் ஒரு நாள் வழுக்கி இறங்கும். ஆதலின் பனிமலையிற் செல்வோர் குழி தோண்டிப் படைகளைச் சோதித்த பின்னரே சரிவில் அடியெடுத்து வைப்பர். சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகருக்கு மேலுள்ள மலையில் 1936ஆம் ஆண்டு முதல் இவ்வாராய்ச்சி முறையாக நடந்து வருகின்றது. பனியைக் காணாத பதுளை மாவட்டத்தில் மண் சரிகின்றது. எனினும் இரண்டிடத்தும் எழும் கேள்வி ஒன்றே: மேலே கிடக்கும் பாரத்தை அடியிலுள்ள படை தாங்குமா?

ஊவா மலைகளின் அடியிற் கடும்பாறை உண்டு. அதன்மேல், பாறை உக்கியதால் உண்டான மண்ணும், முன்னாளிற் சரிந்து தங்கிய கல்லும் மண்ணும் கிடக்கின்றன. ஆடி ஆவணியில் வீசும் வறண்ட காற்று தேயிலைக்கு மணத்தைத் தருகின்றது. மண்ணைக் காயவும் செய்கின்றது. ஐப்பசியில் மழை தொடங்குங்கால் நீர் வெடிப்புகளின் வழியே இறங்கிப் பாறைமேல் தேங்குகின்றது. நீர் ஊற ஊற மண்ணின் பாரம் பெருகுகின்றது. அதன் பிடிப்போ குறைகின்றது.

இம்மலைகளில் முன்னர்க் காடு இருந்தது. அதன் வேர்கள் மண்ணைப் பிணைத்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிருக்காகக் காடு அழிக்கப்பட்டது. 1869ஆம் ஆண்டு மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பியை வீழ்த்திற்று. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. காடழிப்பின் தீமையைத் தாவர அறிஞர் ஹூக்கர் 1873ஆம் ஆண்டே எடுத்துரைத்தார். அதன்பின் 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காட்டுநிலங்களை விற்பது தடுக்கப்பட்டது. ஆயின் அதற்குக் கீழுள்ள சரிவுகளுக்கு அத்தடை காவலாகவில்லை.

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் இச்சரிவுகளிலே குடியேற்றப்பட்டனர். லயன் எங்கே அமைய வேண்டும் என்பதைத் தோட்ட நிருவாகமே தீர்மானித்தது. மலையிற் கான் வெட்டி நீரை வடியச் செய்தவர்கள் அவர்களே. ஆனால் தாம் உறங்கும் நிலத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதால், அரசு பிறர்க்கு வழங்கிய குடியேற்றக் காணிகளும் அவர்களுக்கு எட்டாதனவாயின.

1951இல் மண்வளப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986 சனவரியில் மலைநாட்டில் நேர்ந்த பெருஞ்சரிவுகள், ஆபத்தை முன்கூட்டியே அளந்தறிய வேண்டும் என்னும் எண்ணத்தை வலுப்படுத்தின. 1990இல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கத் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்டவை பதுளை, நுவரெலியா மாவட்டங்களே. பாறையின் அமைப்பு, மேல்மண்ணின் வகையும் கனமும், சரிவின் கோணம், நீரோட்டம், நிலப்பயன்பாடு, நிலவடிவம் ஆகிய ஆறும் அதிற் கணிக்கப்படுகின்றன. இவற்றுடன் மழையும் அளக்கப்படுகின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100 ஆனால் எச்சரிக்கை. 150 ஆனால் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேறல் வேண்டும். கருவி இல்லாதவர்க்கும் மலை அடையாளம் காட்டும்: தரையில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கி வரும் ஓடை.

இவ்வளவு அறிவும் இருந்தும் மீரியபெத்தை நிகழ்ந்தது. அல்துமுல்லைப் பிரிவில், கொஸ்லந்தையை அடுத்துள்ள அத்தோட்டம் ஆபத்தானது என 2005ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். பாடசாலைக்குச் சென்றிருந்த சிறுவர் சிலர் உயிர் தப்பினர். அவர்கள் திரும்புவதற்கு வீடு இருக்கவில்லை. தப்பியோர் நீண்டகாலம் முகாம்களில் தங்கினர். 2016இலேயே பூனாகலைப் பகுதியில் 75 புதிய வீடுகள் அவர்களுக்குக் கையளிக்கப்பட்டன.

இங்கே தவறியது கணிப்பு அன்று. மலை ஆபத்தானது என்று நிபுணர் அறிந்திருந்தனர், மக்களும் கேள்வியுற்றிருந்தனர். "வெளியேறுக" என்று சொன்னபோது, "எங்கே?" என்னும் கேள்விக்கே விடை இருக்கவில்லை. காணியில்லாதவனுக்குச் செல்வதற்கு இடமில்லை. இடம் கிடைப்பினும், நாட்கூலி பெறும் மலையை விட்டுத் தொலைவிற் போய் வாழ வழியில்லை. பனிமலையிற் செல்பவன் குழி தோண்டிப் பார்த்து, ஆபத்தெனக் கண்டால் வேறு வழியே திரும்பலாம். லயனில் வாழ்வோனுக்கு அவ்வாறு திரும்புதற்குரிய வழி இல்லாமற்போயிற்று.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் வந்த பெருமழை பதுளையிலும் ஏனைய மலை மாவட்டங்களிலும் மீண்டும் பல உயிர்களைக் கவர்ந்தது. வரைபடங்கள் பெருகின; மழைமானிகளும் பெருகின. அவை காட்டும் சிவப்பு நிலத்தில் வாழ்வோர்க்கு, தொழிலுக்கு அண்மையில், உறுதியான நிலத்தில், உரிமையுடன் ஒரு துண்டுக் காணி கிடைக்கும்போதுதான் எச்சரிக்கை பயன் தரும். அதுவரையில் ஐப்பசி மழை ஒவ்வோராண்டும் அதே கேள்வியுடன் ஊவா லயன்களின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும்.