திண்டிவனம், விழுப்புரம்: ஒரு தொகுதியின் வழியே நாடாளுமன்றத்தின் அதிகாரங்கள்

குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை மூன்றும் சேர்ந்ததே இந்திய நாடாளுமன்றம். சட்டம் இயற்றுவதும், வரிக்கும் செலவுக்கும் ஒப்புதல் தருவதும், அமைச்சரவையைத் தாங்குவதும் வீழ்த்துவதும், அரசமைப்பைத் திருத்துவதும் அதன் முதன்மையான அதிகாரங்கள். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் திண்டிவனமும் விழுப்புரமும் இவை ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்த ஊர்கள். ஆட்சியைப் பிடிப்பவர் யார் என்பதைவிட, அவரைக் கேள்வி கேட்க யாருக்கு வலு இருக்கிறது என்பதே நாடாளுமன்றத்தின் உயிர்நாடி. அந்த வலு எங்கே கூடியது, எங்கே தேய்ந்தது என்பதை இந்த வட்டாரத்தின் வரலாற்றிலேயே காணலாம்.

1952 தேர்தலில் திண்டிவனம் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒன்று பொது இடம், மற்றது பட்டியல் சாதியினருக்கானது. இரண்டையுமே எஸ். எஸ். இராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி வென்றது. அதே தேர்தலில் 375 இடங்கள் கொண்ட சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் காங்கிரஸ் 152 இடங்களில் நின்றுவிட்டது. பெரும்பான்மை இல்லாத நிலையில் ராஜாஜி முதல்வரானார். சட்டமன்றத்தில் 19 இடங்களை வைத்திருந்த உழைப்பாளர் கட்சியின் ஆதரவு அப்போது பெரிதும் தேவைப்பட்டது. அமைச்சரவை அவையின் நம்பிக்கையில்தான் வாழ்கிறது என்ற பாடத்தைத் தென்னார்க்காட்டு உழவர்கள் அன்றே நேரில் கண்டார்கள். படையாட்சியார் 1954இல் காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார். பின்னர் 1980, 1984 தேர்தல்களில் காங்கிரஸ் சார்பில் திண்டிவனத்தில் வென்று மக்களவைக்குப் போனார்.

அந்த நம்பிக்கையின் கூர்மையை நாடே பார்த்த நாள் 1999 ஏப்ரல் 17. அதிமுக ஆதரவை விலக்கிக்கொள்ள, வாஜ்பாய் அரசு மக்களவையில் நம்பிக்கை கோரியது. ஆதரவாக 269, எதிராக 270. ஒரே ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்தது. திண்டிவனத்தின் உறுப்பினரான செஞ்சி ந. இராமச்சந்திரன் அப்போது அரசை ஆதரித்த மதிமுகவில் இருந்தார். அதே ஆண்டு மறுபடியும் வென்று மத்திய இணை அமைச்சரானார். பிரிட்டனில் 1979 மார்ச் 28 அன்று ஜேம்ஸ் காலஹனின் அரசு 311க்கு 310 என்று ஒரு வாக்கில் வீழ்ந்ததும் இதே மரபின் வழிதான். அமெரிக்காவில் அதிபரை இப்படி நாடாளுமன்றம் வாக்கெடுப்பில் இறக்கிவிட முடியாது. அங்கே ஆட்சியின் உயிர் அவையின் நம்பிக்கையில் இல்லை.

சட்டம் இயற்றும் அதிகாரத்துக்கு இந்த மண்ணின் உதாரணம் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரின் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்தார். அந்த இரண்டே ஆண்டுகளில் அவர் அரசு கோயில் நுழைவுச் சட்டத்தையும், தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டத்தையும், ஜமீன் நிலங்களை ரயத்துவாரி நிலங்களாக மாற்றும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கொண்டுவந்தது. சொந்தக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களே அவருக்கு முந்தைய பிரதமர் டி. பிரகாசத்தை இறக்கிவிட்டு அவரை ஏற்றினார்கள். பின்னர் அவர்களே பி. எஸ். குமாரசாமி ராஜாவைத் தேர்ந்தெடுத்து ரெட்டியாரையும் இறக்கினார்கள். சென்னையில் ஓமந்தூராரின் பெயரைத் தாங்கிய அரசினர் தோட்டத்தில்தான் 2010இல் சட்டமன்றத்துக்குப் புதிய கட்டடம் எழுந்தது. அடுத்த ஆண்டே அவை கோட்டைக்குத் திரும்ப, கட்டடம் பல்நோக்கு மருத்துவமனையானது.

ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் கதை சென்னையோடு முடியவில்லை. பிகாரின் இதே போன்ற சட்டத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் 1951இல் செல்லாதென்றது. உடனே நாடாளுமன்றம் அரசமைப்பின் முதல் திருத்தத்தை நிறைவேற்றி, ஒன்பதாம் அட்டவணை என்ற பாதுகாப்பை உருவாக்கியது. அதில் முதன்முதலில் இடம்பெற்ற 13 சட்டங்களுள் சென்னையின் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்று. 1994இல் 76ஆவது திருத்தத்தின் மூலம் தமிழகத்தின் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டமும் அதே அட்டவணைக்குள் போனது. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கோரி நடந்த வன்னியர் சங்கத்தின் சாலை மறியலில் உயிரிழந்த 21 பேரின் நினைவைச் சுமக்கும் இவ்வட்டாரத்துக்கு அந்தச் சட்டம் வெறும் எண் அல்ல. மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 சதவீதம் அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் நாடாளுமன்றத்தின் கைக்கும் எல்லை உண்டு. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்த முடியாதென்று தீர்ப்பளித்தது. 2007இல், அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஒன்பதாம் அட்டவணையில் சேர்ந்த சட்டங்களையும் ஆராயலாம் என்றது. வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்த 2021ஆம் ஆண்டு மாநிலச் சட்டம், போதிய தரவுகள் இல்லை என்று 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது.

பணத்தின் மீதான அதிகாரத்துக்கு வருவோம். விழுப்புரம் சந்திப்பில் இறங்கினால் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைகளில் தண்டவாளம் ஓடுகிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போடுவதாகச் சொன்ன பாதையோ 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் இடம்பெற்றும் இன்னும் வண்டி ஓடும் நிலைக்கு வரவில்லை. பட்ஜெட்டில் பெயர் இருப்பது வேறு, பணம் வருவது வேறு. செலவுத் திட்டத்தை அரசு எழுதுகிறது. மக்களவை அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம்; ஒரு ரூபாய்கூடக் கூட்ட முடியாது. கொள்கையை எதிர்க்கும் வெட்டுத் தீர்மானம் ஒரு துறையின் மானியத்தை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லும். 1924 முதல் தனியாக நின்ற ரயில்வே பட்ஜெட் 2017இல் பொது பட்ஜெட்டோடு சேர்ந்தது. 2023 மார்ச்சில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவு, துறைவாரி விவாதம் ஏதுமின்றிச் சில நிமிடங்களில் மக்களவையைத் தாண்டியது. மக்களின் பணத்தைக் காக்க வேண்டிய அவை இப்படித் தன் கடமையைக் கைவிடுவது கவலைக்குரியது.

திண்டிவனம்-திருவண்ணாமலைப் பாதைக்காகக் குரல் கொடுப்பவர் யார் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2008 மறுவரையறையில் திண்டிவனம் மக்களவைத் தொகுதி மறைந்தது. விழுப்புரம் என்ற தனித்தொகுதி வந்தது. திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை சட்டமன்றத் தொகுதிகள் அதில் சேர்ந்தன. செஞ்சியும் மயிலமும் ஆரணிக்குப் போயின. எனவே ஒரு சிறிய ரயில் பாதைக்கு விழுப்புரம், ஆரணி, திருவண்ணாமலை என மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து நெருக்க வேண்டும். மக்களவையில் ஒரு நாளுக்கு நேரடி விடைக்காக 20 கேள்விகள், எழுத்து விடைக்காக 230 கேள்விகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கேள்வி நேரத்தைத் தவறாமல் பயன்படுத்தும் உறுப்பினரால்தான் ரயில்வே அமைச்சரிடமிருந்து கணக்கு வாங்க முடியும். பின்னாளில் ஆண்டுக்கு 5 கோடி ரூபாயாக உயர்ந்த தொகுதி மேம்பாட்டு நிதி 1993இல் தொடங்கிய பிறகு, நிழற்குடைக்கும் உயர்கோபுர விளக்குக்கும் கையெழுத்திடுபவராகவே பலரும் எம்.பி.யைப் பார்க்கிறார்கள்.

கட்சிக் கொறடாவின் ஆணையும் உறுப்பினரின் கையைக் கட்டுகிறது. 1985இன் 52ஆவது திருத்தம் கட்சித் தாவலைத் தடுக்கப் பத்தாம் அட்டவணையைச் சேர்த்தது. கொறடாவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். விழுப்புரத்தில் இதற்கு நேர் சான்று இருக்கிறது. விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் து. ரவிக்குமார் 2019இல் உதயசூரியன் சின்னத்தில் வென்றார். மக்களவைப் பதிவேட்டில் திமுக உறுப்பினராக இருந்தார். 2024இல் அதே தொகுதியில் பானைச் சின்னத்தில் வென்று தம் கட்சியின் பெயரிலேயே அவைக்குள் நுழைந்தார். ஆளும் மாறவில்லை, தொகுதியும் மாறவில்லை. கொறடா மட்டும் மாறினார்.

அடுத்த மாற்றம் எண்ணிக்கையில் வரக்கூடும். 1962இல் தமிழகத்துக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன, 1967 முதல் 39. மாநிலங்களுக்கிடையே இடங்களைப் பகிர்வது 1976இல் உறைந்து, 2001இன் 84ஆவது திருத்தத்தால் 2026க்குப் பிறகான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீண்டது. குடும்பக் கட்டுப்பாட்டை நன்றாக நடத்திய மாநிலங்கள் மக்கள்தொகைக் கணக்கில் இடம் இழக்கக் கூடாது என்று தமிழகம் கேட்கிறது. 1967இல் இரண்டு இடங்களைப் பறிகொடுத்த மாநிலத்தின் கோரிக்கை அது.