மணல் திடல் இல்லாத குளிர்காலம்: இங்கிலாந்தும் ஐஸ்லாந்தும்

குளிர்நாடுகளில் குதிரை வைத்திருப்பவருக்கு நவம்பர் பிறந்தாலே இரண்டு கவலை. ஒன்று தீவனம், மற்றது நடமாட்டம். புல்வெளி சேறாகி, பொழுதும் சுருங்கிய பிறகு குதிரையை எங்கே கொண்டுபோய் ஓட்டுவது? வசதி உள்ளவர்கள் வடிகால் அமைத்து மணல் பரப்பிய பயிற்சித் திடல் போட்டுக்கொள்கிறார்கள். நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம் என்பது வழக்கமான அளவு. இன்னும் கையில் காசு இருந்தால் மேலே கூரையும் போடுவார்கள். வாடகைக் கொட்டிலில் ஒரே ஒரு குதிரை வைத்திருக்கும் சம்பளக்காரருக்கு அதெல்லாம் எட்டாத பேச்சு.

திடல் இல்லாமலே குளிர்காலத்தைக் கடத்தும் இரண்டு வழக்கங்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று இங்கிலாந்தினுடையது, மற்றது ஐஸ்லாந்தினுடையது. முதல் நாட்டில் குளிர்காலம் என்றால் குதிரைக்காரருக்கு நட்டக் கணக்கு. கோடையில் சேர்த்த உடல்வலு எவ்வளவு கரையும் என்பதே பேச்சு. இரண்டாவது நாட்டில் பயிற்சி தொடங்கும் பருவமே அதுதான். இந்த வேறுபாட்டுக்குக் குளிரின் கடுமையைக் காரணமாகச் சொல்லத் தோன்றும். காரணம் அதுவல்ல.

இரண்டு ஊருக்கும் பொதுவான தேவை

குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது; எலும்பும் தசைநாணும்தான். அங்கே இறங்கும் இரத்தமும் நிணநீரும் மேலே திரும்புவதற்குக் குளம்பு தரையில் பட்டு எழும் அசைவு வேண்டும். இரவு முழுவதும் கொட்டிலில் நின்ற குதிரைக்குக் காலையில் கால்கள் உருண்டு வீங்கியிருப்பதும், அரை மணி நேர நடையில் அந்த வீக்கம் வடிவதும் இதனால்தான். குடலுக்கும் அசைவு தேவை. குளிரில் குதிரை தண்ணீர் குறைவாகக் குடிக்கும். தின்பதோ காய்ந்த வைக்கோற்புல். அதோடு நின்ற இடத்திலேயே நின்றால் குடல் அடைத்து வயிற்றுவலி வரும். சில சமயம் அது உயிரையே வாங்கிவிடும்.

வண்டிக்குதிரைக் காலத்தில் 'திங்கட்கிழமை நோய்' என்று ஒன்று உண்டு. ஞாயிறு முழுவதும் ஓய்வு, ஆனால் தானியம் மட்டும் குறையாது. திங்கள் காலையில் வண்டியில் பூட்டினால் சிறிது தூரத்திலேயே பின்புறத் தசைகள் கல்லாக இறுகிக் குதிரை நின்றுவிடும். வாரநாளில் கொட்டிலில் நிறுத்தி, சனிக்கிழமை மட்டும் வெளியே எடுத்து விரட்டும் இன்றைய உரிமையாளருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஓய்வு நாளில் தானியத்தைக் குறைக்க வேண்டும் என்ற விதி இரு நாட்டிலும் ஒன்றுதான்.

சேறும் பனிக்கட்டியும்

ஐஸ்லாந்து என்றதும் உறைபனி நம் கண்ணில் வரும். ஆனால் வளைகுடா நீரோட்டத்தின் புண்ணியத்தில் ரெய்க்யவிக் நகரின் ஜனவரி சராசரி சுழியம் பாகையை ஒட்டியே நிற்கிறது. தென் இங்கிலாந்தில் அது நான்கு, ஐந்து பாகை. இந்த நாலைந்து பாகைதான் காலடியில் தரை எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இங்கிலாந்தில் மழை பெய்கிறது. நிலம் பெரும்பாலும் உறைவதில்லை. களிமண் பகுதியில் ஒரு மேய்ச்சல் வயலின் வாசற்படலைப் பார்த்தால் போதும். குதிரைகள் காலையும் மாலையும் கூடி நிற்கும் அந்தப் பத்தடி இடம் டிசம்பருக்குள் கணுக்கால் ஆழச் சேறாகிவிடும். முன்கால் அதில் புதைந்து எழத் தாமதிக்கும்போது பின்கால் வந்து அதன் லாடத்தை மிதித்துப் பிடுங்கிவிடும். வயலில் ஓட்டினால் தசைநாண் சுளுக்கும். சேற்றில் ஊறிய தோலில் டெர்மடோபிலஸ் என்னும் பாக்டீரியா புகுந்து, குதிகாலுக்கு மேலே பொருக்குப் பொருக்காகப் புண் வரும். வயல் கைவிட்டால் மிஞ்சுவது தார்ச்சாலை.

ஐஸ்லாந்தில் நிலம் உறையும், இளகும், மறுபடி உறையும். சாலையும் பாதையும் கண்ணாடி போலாகும். வழுக்கும்தான், ஆனால் புதையாது. வழுக்கலுக்கு இரும்பில் வழி இருக்கிறது. குளிர்கால லாடத்தின் குதிப்பக்கத்தில் கடினமான உலோக முளைகள் துருத்தி நிற்கும். ஒவ்வொரு அடியிலும் அவை பனிக்கட்டியைக் கொத்திப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய பனியில் லாடத்துக்குள் பனி உருண்டையாகத் திரண்டு, குதிரை கட்டைமேல் நிற்பதுபோல் தள்ளாடும். அதைத் தடுக்க லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே ரப்பர் தகடு வைப்பார்கள். தேய்ந்து பளபளக்கும் தாரில் வழுக்காமல் இருக்க இங்கிலாந்திலும் டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த ஆணிகளை லாடத்தில் அடிக்கிறார்கள். பிடிமானத்துக்கு இரு நாட்டாரும் லாடக்காரரிடம்தான் போகிறார்கள். சேற்றுக்கு மட்டும் எந்த லாடமும் வழி சொல்வதில்லை.

பொழுதும் நாட்காட்டியும்

டிசம்பர் கடைசியில் லண்டனுக்குப் பகல் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு; ரெய்க்யவிக்குக்கு நாலு மணி நேரம்தான். இந்தக் கணக்கில் பார்த்தால் ஐஸ்லாந்துக்காரர்தான் சோர்ந்துபோக வேண்டும். அவர் சோராததற்கு அவருடைய நாட்காட்டி காரணம்.

ஐஸ்லாந்தில் கோடைப் பயணங்கள் முடிந்ததும் லாடத்தைக் கழற்றிக் குதிரையை மேய்ச்சலில் விட்டுவிடுவார்கள். இலையுதிர்காலம் முழுவதும் அதற்கு விடுமுறை. பலர் புத்தாண்டை ஒட்டித்தான் மறுபடி பிடித்து வந்து, லாடம் அடித்து, கொட்டிலில் கட்டுவார்கள். அதாவது வேலை தொடங்கும் நேரத்தில் பகல் வளரத் தொடங்கிவிடுகிறது. குதிரையின் உடல்வலுவும் வெளிச்சமும் சேர்ந்தே ஏறுகின்றன. ரெய்க்யவிக்கின் விளிம்பில் உள்ள வீதிதாலூர் போன்ற இடங்களில் கொட்டில்கள் வரிசையாக, ஒரு குடியிருப்புப் பகுதி போலவே இருக்கின்றன. அங்கிருந்தே குதிரைக்கென்று போட்ட சரளைப் பாதைகள் கிளம்புகின்றன. இருட்டினாலும் பக்கத்துக் கொட்டில்காரர் துணைக்கு இருப்பார்.

இங்கிலாந்துக்காரர் இறங்கு பொழுதோடு மல்லுக்கட்டுகிறார். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. சாலையில் காருடன் பங்கு போட வேண்டும். 2022இல் திருத்திய சாலை விதிநூல், குதிரையைக் கடக்கும் ஓட்டுநர் மணிக்கு பத்து மைலுக்குள் வேகத்தைக் குறைத்து, இரண்டு மீட்டராவது இடம் விட வேண்டும் என்கிறது. இருட்டில் சாலைக்கு வராமல் இருப்பதே நல்லது. வந்தே ஆக வேண்டுமென்றால் முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்பும் காட்டும் விளக்கை வலது கையிலோ காலிலோ கட்டிக்கொள்ளுங்கள் என்பது அதே நூலின் அறிவுரை. பழகிய குதிரைக்கும் சாலை முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. 2024 ஏப்ரலில் லண்டனில் காலைப் பயிற்சிக்குப் போன இராணுவக் குதிரைகள், கட்டுமான இடத்தில் பொருள்கள் விழுந்த சத்தத்தில் மிரண்டு வீதிகளில் தறிகெட்டு ஓடின.

செய்யும் வேலை

இங்கிலாந்தின் பலம் நடை. நரி வேட்டைக் காலத்தில் அங்கே ஒரு பழைய ஒழுங்கு இருந்தது. கோடை ஓய்வு முடிந்த குதிரையை முதல் சில வாரங்களுக்குச் சாலையில் நடக்க மட்டுமே விடுவார்கள். பிறகுதான் ஏற்றத்தில் சிறிது டிராட் என்னும் துள்ளோட்டம், அதற்கும் பிறகு கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சல். தாரில் நீண்ட டிராட் மூட்டுகளை உலுக்கும்; நடையோ தசைநாணையும் எலும்பையும் மெல்ல உரமாக்கும். ஒரு மணி நேரத்தில் ஆறு கிலோமீட்டர் சுறுசுறுப்பாக நடந்து, நடுவே ஒரு மேடும் ஏறினால், திடலில் இருபது நிமிடம் வட்டமடிப்பதைவிடக் குறைவான பயன் அல்ல. ஏறிச் செல்ல முடியாத நாளில் இரண்டு நீள வார்களைக் கடிவாளத்தில் கோத்து, பின்னால் நடந்தபடியே ஒற்றையடிச் சாலையில் ஓட்டுவார்கள். சேற்றிலோ வழுக்கலிலோ கயிற்றில் கட்டிச் சிறு வட்டமாகச் சுற்றவிடுவதை அனுபவசாலிகள் தவிர்ப்பார்கள். உள்பக்கக் கால்மேல் பாரம் சாய்ந்து மூட்டு கெடும்.

ஐஸ்லாந்தின் பலம் டோல்ட். நான்கு குளம்பும் ஒவ்வொன்றாகத் தரையைத் தொடும் கதி அது. எந்த நொடியிலும் ஒரு குளம்பாவது மண்ணில் இருக்கும். டிராட்டைப் போல உடல் காற்றில் எழுந்து விழுவதில்லை. பனிக்கட்டிக்கு இதைவிட ஏற்ற கதி வேறு இல்லை. உறைந்த ஏரிமேல் டோல்ட் போட்டிகளே நடக்கின்றன. வடக்கில் மீவத்ன் ஏரி அதற்குப் பேர்போன இடம். இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு குதிரைமேல் ஏறி, இன்னொன்றைக் கையில் பிடித்துப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போவார்கள். குறுகிய பகலில் ஒரே மணி நேரத்தில் இரண்டு குதிரைக்கு வேலை முடிந்துவிடும்.

ரோமத்திலும் இரு வழி. வேலை செய்யும் குதிரை கனத்த ரோமத்தோடு வியர்த்தால் காய மணிக்கணக்காகும். அதனால் இங்கிலாந்தில் வயிறு, கழுத்தடி என்று வியர்க்கும் பாகத்தைக் கத்தரித்து, மேலே கம்பளம் போர்த்துகிறார்கள். கத்தரித்த குதிரை போர்வையை நம்பியே நிற்க வேண்டும். ஐஸ்லாந்துக் குதிரையின் இரட்டை அடுக்கு ரோமமே பெரும்பாலும் அதன் போர்வை. கடைசி அரைக் கிலோமீட்டரில் இறங்கி, வாரைத் தளர்த்திக் கைப்பிடியில் நடத்தி வந்து, உடல் ஆறிய பிறகே கொட்டிலுக்குள் விடும் பழக்கம் இரு நாட்டுக்கும் நல்லது.

எதை எடுத்துக்கொள்ளலாம்

ஒப்பீட்டில் நியாயம் வேண்டும். ஐஸ்லாந்துக் குதிரை ஆயிரம் ஆண்டுக்கு மேல் அந்த மண்ணிலேயே தேறியது. வெளிக்குதிரை உள்ளே வரக்கூடாது, வெளியே போனதும் திரும்பக்கூடாது என்பது அங்கே சட்டம். அதன் கதியையும் ரோமத்தையும் மெல்லிய தோலுள்ள ஆங்கிலக் குதிரைக்கு இரவல் வாங்க முடியாது. ஐஸ்லாந்திலும் இப்போது ஊர்தோறும் கூரைத் திடல்கள் முளைத்துவிட்டன.

இரவல் வாங்கக்கூடியது நாட்காட்டிதான். ஐஸ்லாந்துக்காரர் தன் குதிரைக்கு ஓய்வு எப்போது என்று முதலில் முடிவு செய்கிறார். வேலை அதற்குப் பின் தானாக அமைகிறது. திடல் இல்லாத ஆங்கில உரிமையாளர் பெரும்பாலும் இந்த முடிவை எடுப்பதே இல்லை. விடுவதுமில்லை, முறையாக வேலை வாங்குவதுமில்லை. அந்த அரைகுறைதான் கால் வீக்கத்துக்கும் வயிற்றுவலிக்கும் திங்கட்கிழமை நோய்க்கும் வாசல். டிசம்பரிலும் ஜனவரியிலும் லாடத்தைக் கழற்றி, தானியத்தை நிறுத்தி, துணைக் குதிரையோடு வடிகால் உள்ள வயலில் விட்டுவிடலாம். அங்கே அது தன் பாட்டுக்கு நடந்துகொள்ளும். சில வார ஓய்வில் குதிரையின் மூச்சு வலு அப்படியொன்றும் சரிவதில்லை. பிப்ரவரியில் பொழுது நீண்டதும் பழைய ஆங்கில ஒழுங்குப்படி சாலை நடையில் தொடங்கலாம். விட மனமில்லாதவர் நாள்தோறும் ஒரு மணி நேர நடைக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைச் செய்பவருக்குத் திடல் இல்லாதது பெரிய குறை அல்ல.