வாட்சனின் பட்டமும் ரந்தாவின் பள்ளங்களும்: தோட்டப் பொதுச் சுகாதார வரலாற்றில் ஒரு மறுபார்வை

பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு மலாயா மண்ணில் முளைத்ததன்று. கப்பலேறி வந்த ஆங்கில மருத்துவர்களின் பெயருக்குப் பின்னால் டி.பி.எச். (பொதுச் சுகாதாரப் பட்டயம்) என்ற மூன்று எழுத்துகளாக அது வந்து சேர்ந்தது. இந்தப் பட்டயத்தை 1871இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியும் 1875இல் கேம்பிரிட்ஜும் தொடங்கின. 1886ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் அதைப் பதிவுக்குரிய தகுதியாக்கியது. 50,000 பேருக்கு மேற்பட்ட ஊர்களின் சுகாதார அதிகாரிகளிடம் இத்தகைய தகுதியை 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் எதிர்பார்த்தது. சாக்கடை, குடிநீர்ப் பரிசோதனை, தொற்றுநோய் மருத்துவமனை, சுகாதாரச் சட்டம் ஆகியவையே பாடங்கள். ஆய்வுக்கூடப் பயிற்சியோடு ஒரு சுகாதார அதிகாரியின் கீழ் களப் பயிற்சியும் உண்டு. மொத்தத்தில், இங்கிலாந்தின் தொழில் நகரத்தை மனத்தில் வைத்துத் தைத்த சட்டை அது.

அந்தச் சட்டை ரப்பர்த் தோட்டத்திற்குப் பொருந்தியதா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் மருத்துவர் மால்கம் வாட்சனின் நூலிலிருந்தே விடை எடுக்கப்படுகிறது. கூட்டு மலாய் மாநிலங்களில் மலேரியாத் தடுப்பு பற்றி அவர் எழுதிய நூல் 1911இல் வெளிவந்தது. 1921இல் லண்டனில் ஜான் மரே நிறுவனம் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. இரு பதிப்புகளின் தலைப்புப் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. முதல் பதிப்பின் பக்கத்தில் நூலின் பெயரும் ஆசிரியரின் பெயரும் முன்னிற்கின்றன. பத்தாண்டு கழித்து அதே பெயரின் கீழ், இது இருபது ஆண்டுகால முன்னேற்றத்தின் பதிவு என்ற துணைத்தலைப்பு ஏறியிருக்கிறது. பி. எஸ். ஹன்டர், ஏ. ஆர். வெல்லிங்டன் ஆகியோரின் பங்களிப்பும் சர் ரொனால்டு ரோஸின் முன்னுரையும் சேர்ந்திருக்கின்றன. ஆக, ஒரு மருத்துவரின் அனுபவக் குறிப்பு பத்தே ஆண்டுகளில் ஒரு துறையின் வெற்றி வரலாறாக உருமாறிவிட்டது. பின்வந்த வரலாறுகள் பலவும் இந்த இரண்டாம் தலைப்புப் பக்கத்தின் வழியாகவே முதல் பதிப்பையும் படித்தன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வாட்சன் சொல்லும் கதை நேரானது. 1901இல் அவர் கிள்ளானுக்கு வந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைக் காய்ச்சல் முடக்கியது. சதுப்பை வடித்தார்கள், ஊரைச் சுற்றியிருந்த காட்டை வெட்டினார்கள், குழிகளை மூடினார்கள். இரு ஊர்களிலும் 1901இல் 368ஆக இருந்த காய்ச்சல் மரணம் மறு ஆண்டில் 59ஆகக் குறைந்தது. கொசுவையும் மலேரியாவையும் இணைத்த ரோஸின் கண்டுபிடிப்பு 1897இல்தான் நிகழ்ந்தது என்பதை நினைத்தால் இது பெரிய சாதனை, அதில் ஐயமில்லை. ஆனால் இந்த வெற்றியில் பட்டயப் படிப்பின் பாடத்தோடு மோதும் எதுவுமில்லை. கிள்ளான் சமவெளி. வடிகால் வெட்டுவதும் புதரை அழிப்பதும் கேம்பிரிட்ஜ் தேர்வுத்தாளில் எழுதக்கூடிய விடைகளே.

மோதல் மலைப்பாங்கான தோட்டங்களில் வந்தது. கடலோர நிலத்தில் மலேரியாவைப் பரப்பிய அனோஃபிலிஸ் அம்ப்ரோசஸ் என்ற கொசு நிழலில் தேங்கிய காட்டு நீரில் வளர்வது. காடு போனால் அதுவும் போகும். உள்நாட்டுக் குன்றுகளிலோ அனோஃபிலிஸ் மாக்குலேட்டஸ் என்ற வேறோர் இனம். வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் அதற்கு வேண்டும். ஆகவே பள்ளத்துக் காட்டை வெட்டி ஓடையைச் சுத்தமாக்கிய தோட்டத்தில் காய்ச்சல் குறையவில்லை, கூடியது. சமவெளியில் மருந்தாக இருந்த வேலை குன்றில் நோயாகிவிட்டது. வாட்சன் இதை மறைக்கவில்லை, விரிவாகவே எழுதுகிறார். ஆயினும் அதை இருபதாண்டு முன்னேற்றத்தின் இன்னொரு படியாக அவர் வரிசையில் வைப்பது ஏற்கத்தக்கதன்று. அது படி அன்று, முறிவு. கற்ற பாடம் தலைகீழான இடம் அது.

ரந்தாவ் இந்த முறிவின் பக்கத்தைச் சேர்ந்த நிலம். நெகிரி செம்பிலானின் சிரம்பான் மாவட்டத்தில், லிங்கி ஆற்றுப் படுகையில், சிறு குன்றுகளும் அவற்றுக்கிடையே பள்ளங்களுமாக மடிந்து கிடக்கும் ஊர் இது. லின்சும் போன்ற தோட்டங்கள் இங்கு ரப்பருக்காகத் திருத்தப்பட்டன. வாட்சனின் முதன்மைச் சான்றுகள் சிலாங்கூரைச் சேர்ந்தவை. அவற்றை ரந்தாவுக்குப் பொருத்துவது நில அமைப்பை வைத்துச் செய்யும் ஊகமே. எனினும் ஊகம் வலுவானது. ரப்பர் நட வேண்டுமானால் குன்றின் சரிவை வெட்டித் திறக்க வேண்டும். சரிவைத் திறந்தால் பள்ளத்து ஓடைக்கு வெயில் வரும். தண்ணீர் வசதிக்காகத் தொழிலாளர் லயங்களும் அந்த ஓடைக்கருகில்தான் அமையும். இம்மூன்றும் ஒன்றாகக் கூடிய இடத்தில் மாக்குலேட்டஸ் இல்லாமல் இருந்திருந்தால்தான் அதற்குத் தனி விளக்கம் தேவைப்படும்.

முறிவைக் கண்டுகொண்ட முறையும் கவனிக்கத்தக்கது. தோட்டத்துக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, இடது விலா எலும்புக்குக் கீழே விரலை அழுத்தி, மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கிய குழந்தைக்கு அது வீங்கி விரலுக்குச் சிக்கும். நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்று கணக்கெடுத்து, லயத்துக்கு லயம், தோட்டத்துக்குத் தோட்டம் ஒப்பிட்டபோது, பள்ளத்தை ஒட்டிய வீடுகள் தனியே தெரிந்தன. எந்த நீரில் எந்தக் கொசு என்று பிரித்துப் பார்த்து, அந்த இனத்தை மட்டும் குறிவைக்கும் வழி இப்படித்தான் பிறந்தது. ஆக, மலாயாவின் பொதுச் சுகாதார அறிவில் புதிதாக இருந்தது பட்டயத்தோடு வந்ததன்று. பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குழந்தைகளின் உடலில் எண்ணிக் கற்றது. வாட்சனின் துணைத்தலைப்பில் இதற்கு இடமில்லை.

நடைமுறைப் பணியோ பட்டத்திலிருந்து இன்னும் விலகியது. ஓடை நீரை மண்குழாய் வழியாக நிலத்தடியில் ஓடவிடுவது நிலையான தீர்வு, ஆனால் செலவு அதிகம். எண்ணெய் அடிப்பது உடனடிச் செலவு குறைந்த வழி. கொசுப்புழு வளர்ந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால், முதுகில் எண்ணெய்த் தகரம் சுமந்த ஆட்கள் வாரந்தவறாமல் ஒவ்வொரு பள்ளமாக இறங்கி ஏற வேண்டும். ஒரு வாரம் விட்டுப்போனால் முந்தைய வாரங்களின் உழைப்பும் வீண். காலைப் பெரட்டுக்கு வராதவரைத் தேடி லயத்துக்குப் போனவரும், கொய்னா மருந்தைக் கண்முன்னே விழுங்க வைத்தவரும், தோட்ட ஆஸ்பத்திரிக் கணக்கை எழுதியவரும் டிரசர். யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் பெருவாரியாக வகித்த இப்பதவிக்குப் பட்டம் இல்லை. பட்டம் பெற்ற மருத்துவர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்.

மரணங்கள் குறைந்ததற்குச் சுகாதார அறிவியல் ஒன்றையே காரணமாக்குவதும் பொருந்தாது. புதிதாக ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. தோட்டத் தொழிலாளர் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் 1911இல் வந்தது. மறு ஆண்டில் தொழிலாளர் சட்டத்தொகுப்பு தொடர்ந்தது. கடனில் கட்டுண்ட புது ஆள், வந்து இறங்கிய முதல் மாதங்களிலேயே சாகும் நிலை மாறியதற்கு இவற்றின் பங்கு எவ்வளவு, எண்ணெயின் பங்கு எவ்வளவு என்று பிரித்தளக்க வழியில்லை. இரண்டும் ஒரே ஆண்டுகளில் நிகழ்ந்தன.

உள்ளூர் மருத்துவர்கள் இப்பட்டயத்தை நெருங்கியது எப்போது? சிங்கப்பூர் மருத்துவப் பள்ளி 1905இல் 23 மாணவர்களோடு தொடங்கியது. அதன் தகுதியைப் பிரிட்டிஷ் மருத்துவ மன்றம் 1916இல் ஏற்றது. அன்று முதல் சட்டப்படி வழி திறந்தது எனலாம். ஆனால் கப்பல் செலவும், மேல்நிலை மருத்துவப் பணி ஐரோப்பியருக்கே என்ற விதியும் அந்த வழியைக் குறுக்கின. படித்து வந்தாலும் அமரும் நாற்காலி உதவி மருத்துவருடையதே என்றால், படிப்பின் மீது ஆசை குறைந்ததில் வியப்பில்லை. இந்தியாவில் 1932இல் ராக்ஃபெல்லர் நிதியோடு கல்கத்தாவில் அனைத்திந்தியச் சுகாதாரக் கழகம் திறக்கப்பட்டபோது மலாயாவின் நிலை வேறாக இருந்தது. 1926ஆம் ஆண்டின் சுகாதார வாரியச் சட்டம் தோட்டங்களிடம் பணம் திரட்டிப் பொது அமைப்பை உருவாக்க முயன்றது. தோட்ட முதலாளிகள் செலவைக் காட்டி முரண்டினர். பொருளாதார மந்தத்தில் அது கலைந்தது. லண்டன் ரோஸ் கழகத்துக்குச் சென்றுவிட்ட வாட்சனோ, துரைமாருக்கும் பொறியாளருக்கும் குறுகியகால மலேரியா வகுப்புகள் நடக்க வழிசெய்தார். பட்டயம் பெற்ற மருத்துவரை மட்டும் நம்பித் தோட்டம் நடக்காது என்பதை அவர் நூலைவிட அந்த வகுப்புகள் தெளிவாகச் சொல்கின்றன.

விடுதலைக்குப் பின் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடம் 1964இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு அதன் பிறகே நாட்டுக்குள் வந்தது. அதே காலத்தில் அரசின் கிராமச் சுகாதாரத் திட்டம் கம்பங்களை நோக்கி விரிந்தது. தனியார் சொத்தான தோட்டம் அதன் எல்லைக்கு வெளியே நின்றது. லயத்தின் தண்ணீரும் கழிப்பிடமும் ஆயாக்கொட்டகையும் முதலாளியின் பொறுப்பாகவே நீடித்தன. 1966ஆம் ஆண்டின் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டமும் அப்பொறுப்பை எழுத்தில் வைத்தன. நாட்டுக்குள் பட்டம் கிடைத்த தலைமுறைக்கும் தோட்டம் அன்றாடப் பணியிடமாகவில்லை.

ரந்தாவ் அமைந்த நெகிரி செம்பிலானில் பொதுச் சுகாதாரத்துக்கு அடுத்த பெரிய சோதனை 1998-99இல் வந்தது. பன்றிப் பண்ணைகளில் பரவிய மூளைக்காய்ச்சல் முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோயுற்றவர்களோ பெரும்பாலும் பன்றிகளைக் கையாளும் வளர்ந்த ஆண்கள். கொசு பரப்பும் நோய் என்றால் குழந்தைகள் தப்பியிருக்க முடியாது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. இன்று பொதுச் சுகாதார வல்லுநராக விரும்பும் மலேசிய மருத்துவர் முதுகலைக்குப் பின் முனைவர் நிலைப் பயிற்சியையும் முடிக்கிறார். யார் நோயுறுகிறார், யார் தப்புகிறார் என்று எண்ணிப் பார்ப்பது அந்தப் படிப்பின் அடிப்படைப் பாடம்.