கிளட்ச் பெடல் இலகுவான கதை

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே எல்லோரும் இன்ஜினைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டினால் பேசுவது இடது கால்தான்!

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1963-இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கார்தான் பிறகு 911 ஆனது. 2 லிட்டர் இன்ஜின், 130 குதிரைத்திறன். கிளட்ச்சை இயக்க ஒரு கேபிள் போதுமாக இருந்தது. 1975-இல் வந்த 911 டர்போவிலோ 260 குதிரைத்திறன்!

சக்தி கூடினால் கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் பலமாக இருக்க வேண்டும். அந்த பலத்தை எதிர்த்து மிதிப்பது கால்தானே? பழைய 911-இல் பெரிய இன்ஜினைப் பொருத்தியவர்களும் இதில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

ஸ்பிரிங்கின் பலத்தைக் குறைத்தால் கிளட்ச் வழுக்கித் தேயும். நெம்புகோலின் நீளத்தை மாற்றினால் மிதிப்பது எளிது. ஆனால் பெடல் அதிக தூரம் போக வேண்டும். போகாவிட்டால் கிளட்ச் முழுதாக விடுபடாமல் கியர் கரகரக்கும்.

எனவே கேபிள் இருந்த காலத்திலேயே, பெடல் பாதி தூரம் தாண்டியதும் காலோடு சேர்ந்து தள்ளும் உதவி ஸ்பிரிங் ஒன்றை போர்ஷே சேர்த்தது. 1987 மாடல் 911 கரேராவில் ஜி50 கியர்பாக்ஸும் ஹைட்ராலிக் கிளட்ச்சும் வந்தன. கேபிள் உறைக்குள் உராய்ந்து வீணான பலம் அதன்பின் எண்ணெய் வழியாகச் சென்றது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பெடல் கனத்தால் ஸ்பிரிங்கில் கை வைக்கும் முன், தேய்ந்த கேபிளையும் காய்ந்துபோன பெடல் புஷ்களையும் பார்க்க வேண்டும்.